பெட்டிக்குள்ளேயே மஞ்சளாகும் வெள்ளை ஷூ... ஆம்பூர் ஷூவுக்குள் ஒளிந்திருக்கும் 'ஃபீனால்' கதை!

புத்தம் புது வெள்ளை ஷூ. ஏதாவது விசேஷத்துக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று பெட்டியோடு பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது. வெயில் படவில்லை, மண் ஒட்டவில்லை, ஒரு நாள்கூடக் காலில் ஏறவில்லை. சில மாதங்கள் கழித்துத் திறந்தால் ஓரங்களில் மஞ்சள் படர்ந்திருக்கிறது. 'கடைக்காரர் பழைய ஸ்டாக்கைத் தலையில் கட்டிவிட்டார்' என்றுதான் முதலில் தோன்றும். பல நேரங்களில் அவர்மேல் தப்பே இருக்காது.

வீட்டில் ஒரு ஜோடி மஞ்சளானால் அது வருத்தம். கப்பலில் போன ஆயிரக்கணக்கான ஜோடிகள் அப்படி ஆனால் அது நஷ்டம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி இருக்கும் தோல் தொழில் ஊர்களில் இந்த மஞ்சளைச் சாதாரண விஷயமாக யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. வெளிநாட்டு வாங்குபவர் பெட்டியைத் திறந்து முகம் சுளித்தால், விலையைக் குறைக்கச் சொல்லலாம், டெபிட் நோட் அனுப்பலாம், மொத்த சரக்கையும் வேண்டாம் என்றும் சொல்லலாம். அடுத்த ஆர்டர் வராமல் போனால், காலையில் கம்பெனி வேனில் ஏறி வந்து தைக்கும், ஒட்டும், பேக்கிங் செய்யும் பெண்களின் சம்பளம்வரை அது இறங்கி வரும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மஞ்சளுக்குக் காரணமாக இருக்கும் பொருள், பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் காப்பாற்றுவதற்காகவே சேர்க்கப்படுகிற ஒன்று. பெயர் 'ஃபீனாலிக் ஆன்டி ஆக்ஸிடன்ட்'. கிரீன் டீ விளம்பரத்திலும் முகத்துக்குப் பூசும் க்ரீம் டப்பாவிலும் அடிக்கடி கண்ணில் படும் அதே ஆன்டி ஆக்ஸிடன்ட்தான். அது ஷூவுக்குள் என்ன செய்கிறது?

காறல் வாடையும் ஒட்டிக்கொண்ட ரப்பர் பேண்டும்

தீபாவளிக்குச் சுட்ட முறுக்கு டப்பாவின் அடியிலேயே தங்கிவிட்டால், சில வாரங்களில் ஒரு காறல் வாடை வரும். மேஜை இழுப்பறையில் கிடக்கும் பழைய ரப்பர் பேண்ட், காகிதத்தோடு பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். மொட்டைமாடியில் கிடக்கும் பிளாஸ்டிக் வாளி ஒருநாள் கைப்பிடியோடு உடைந்து கையில் வரும். மூன்றும் வேறு வேறு பிரச்னைகள் போலத் தெரிந்தாலும், மூன்றிலும் கைவரிசை காட்டுவது காற்றில் உள்ள ஆக்ஸிஜன்தான்.

எண்ணெய், ரப்பர், பிளாஸ்டிக் எல்லாமே கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த நீண்ட மூலக்கூறுகள். சூடோ, வெயிலோ, இயந்திரத்தில் பிசைந்து அரைபடும் வேகமோ அந்தச் சங்கிலியிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிய்த்துவிட்டால் அந்த இடம் காலியாகிவிடும். காலியான அந்த மூலக்கூறுக்கு 'ஃப்ரீ ராடிக்கல்' என்று பெயர். அதற்கு நிலைகொள்ளாது. அருகில் வரும் ஆக்ஸிஜனை உடனே பிடித்துக்கொள்ளும். பிடித்த கையோடு பக்கத்துச் சங்கிலியிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கும். இப்போது பக்கத்துச் சங்கிலி காலி. அது அடுத்ததைப் பறிக்கும். இப்படியே போய்க்கொண்டே இருக்கும்.

இந்த ஓட்டத்தில் பெராக்ஸைடு என்ற இடைப்பொருள் உருவாகும். சூடு கூடும்போது அது இரண்டாக உடைந்து புதிதாக இரண்டு ராடிக்கல்களைக் கிளப்பிவிடும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி வேகம் பிடிப்பது இதனால்தான். பல மாதங்கள் நன்றாக இருந்த ரப்பர், திடீரென்று ஒரு வாரத்தில் கெட்டுப்போனதுபோலத் தோன்றுவதற்கும் இதுவே காரணம்.

முடிவு பொருளுக்குப் பொருள் மாறும். இயற்கை ரப்பரில் சங்கிலிகள் துண்டாகும். அதனால் முதலில் பிசுபிசுக்கும். சில செயற்கை ரப்பர்களில் சங்கிலிகள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொள்ளும். அதனால் விறைத்துப் போய் வளைத்தால் வெடிக்கும். பாலிப்ரொப்பிலின் போன்ற பிளாஸ்டிக்குகள் நொறுங்கும்.

ஃபார்வர்டு செய்யாத ஆள்

வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி பரவுவதை இதோடு ஒப்பிடலாம். வந்ததை ஒருவர் மூன்று குரூப்புக்கு அனுப்புகிறார், அந்த மூன்று குரூப்பிலும் உள்ளவர்கள் மேலும் பரப்புகிறார்கள். நடுவில் ஒருவர் மட்டும் படித்துவிட்டு யாருக்கும் அனுப்பாமல் விட்டுவிட்டால், அவரோடு அந்தக் கிளை நின்றுவிடும். ஃபீனால் செய்வது இந்த வேலையைத்தான்.

கறுப்பு பினாயிலில் இருப்பது, நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் ஃபீனால் வகைகள்தான். பென்சீன் எனும் ஆறு கார்பன் வளையம், அதில் தொங்கும் ஓர் ஆக்ஸிஜன், அதன் நுனியில் ஒரு ஹைட்ரஜன். இதுதான் ஃபீனாலின் அடிப்படை உருவம். அந்த நுனி ஹைட்ரஜனை அது எளிதாக விட்டுக்கொடுக்கும். பறிக்க வரும் ராடிக்கலிடம் 'இந்தா, வைத்துக்கொள்' என்று கொடுத்துவிடுவதால், ரப்பரின் சங்கிலி தப்பிக்கும்.

ஹைட்ரஜனைக் கொடுத்த ஃபீனாலும் ஒரு ராடிக்கலாகிவிடுமே, அது போய் அடுத்ததைப் பறிக்காதா? அங்கேதான் வேதியியலாளர்களின் கைவேலை. வளையத்தில் அந்த ஆக்ஸிஜனுக்கு இரண்டு பக்கமும் 'டெர்ஷியரி பியூட்டைல்' எனும் பருமனான இரண்டு தொகுதிகளைப் பொருத்திவிடுவார்கள். வாசலில் இரண்டு தடியான ஆட்கள் நிற்பதுபோல, உள்ளே இருப்பவரை யாரும் நெருங்க முடியாது, அவரும் வெளியே போய் வம்பு வளர்க்க முடியாது. அதோடு, குறையை வளையம் முழுக்கப் பகிர்ந்துகொள்வதால் அந்த ராடிக்கல் பதற்றமில்லாமல் இருக்கும். பிறகு வரும் இன்னொரு ராடிக்கலையும் பிடித்து அடக்கிவிடும். ஆக, ஒரு ஃபீனால் இரண்டு சங்கிலி ஓட்டங்களை நிறுத்தும்.

இந்த வகையில் மிகவும் பழக்கமானது பியூட்டிலேட்டட் ஹைட்ராக்ஸி டொலுயீன். சுருக்கமாக பி.ஹெச்.டி. முனைவர் பட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை! இதன் நெருங்கிய உறவுக்காரர் ஒருவர் அடுக்களைக்கே வந்துவிட்டார். சமையல் எண்ணெய், சிப்ஸ் பாக்கெட்டுகளின் பின்புறம் 'ஆன்டி ஆக்ஸிடன்ட் 319' என்று இருந்தால், அது டி.பி.ஹெச்.க்யூ. எனும் ஃபீனால்.

ஆனால், இதற்கெல்லாம் முன்பிருந்தே நல்லெண்ணெய் மற்ற எண்ணெய்களைவிட மெதுவாகத்தான் காறல் அடிக்கும். எள்ளில் இயற்கையாகவே இருக்கும் 'செசமால்' போன்ற ஃபீனால்கள் அதற்கு ஒரு முக்கியக் காரணம். வைட்டமின் ஈ-யும் ஃபீனால் வகைதான்.

ஆவாரம்பட்டையில் இருந்ததும் அதுதான்

வேலூர் வட்டாரத்துக்கு ஃபீனால் புதிதில்லை. குரோமியம் வருவதற்கு முன்பு இங்கே தோலைப் பதப்படுத்தியது ஆவாரம்பட்டையும் கடுக்காயும். பட்டையை ஊறவைத்த தண்ணீரில் வாரக்கணக்கில் தோல் கிடக்கும். பட்டையிலிருந்து இறங்கும் துவர்ப்பு, தோலின் புரதத்தோடு பிணைந்து அதை அழுகாமல் காக்கும். அந்தத் துவர்ப்பின் பெயர் டானின். பல ஃபீனால்கள் கைகோத்து நிற்கும் பெரிய மூலக்கூறு அது. தோலை அழுகவிடாமல் காப்பதோடு, ராடிக்கலுக்கு ஹைட்ரஜனை விட்டுக்கொடுக்கும் குணமும் டானினுக்கு உண்டு.

இப்படிப் பதப்படுத்திய 'ஈஸ்ட் இந்தியா' தோல் 19-ம் நூற்றாண்டிலேயே சென்னை மாகாணத்திலிருந்து லண்டனுக்குக் கப்பலேறியது. இன்று 'இ.ஐ. லெதர்' என்ற பெயரில் அது புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது.

1972-ல் சீதாராமையா கமிட்டி கொடுத்த அறிக்கை இந்த வட்டாரத்தின் போக்கை மாற்றியது. பாதி பதப்படுத்திய தோலை மட்டும் அனுப்பிக்கொண்டிருக்காமல், முழுமையான தோலையும் தோல் பொருள்களையும் ஏற்றுமதி செய்ய வேண்டும் என்ற கொள்கை வந்தது. டேனரிகளுக்குப் பக்கத்தில் ஷூ கம்பெனிகள் எழுந்தன. ஷூ என்று வந்துவிட்டால் தோல் மட்டும் போதாது. சோல் வேண்டும், உள்ளே ஃபோம் வேண்டும், பசை வேண்டும், நூல் வேண்டும், சுற்றிக் கொடுக்க பாலித்தீன் கவர் வேண்டும். பட்டையின் ஃபீனாலைத் தெரிந்துவைத்திருந்த ஊருக்குள், பெட்ரோலியத்திலிருந்து வந்த ஃபீனால் இந்த வழியாகத்தான் நுழைந்தது.

சோலுக்குள் 1 கிலோ... ஆயுள் பல வருஷம்

சோல் செய்யும் இடத்தில் ரப்பரோடு கார்பன் கரி அல்லது சிலிகா, எண்ணெய், கந்தகம், துத்தநாக ஆக்ஸைடு எல்லாவற்றையும் சேர்த்து உருளைகளுக்கு நடுவே பிசைவார்கள். அந்தக் கலவையில் 100 கிலோ ரப்பருக்கு 1 அல்லது 2 கிலோ ஆன்டி ஆக்ஸிடன்ட் சேரும். பிளாஸ்டிக்குக்கு இன்னும் குறைவு. 100 கிலோ பாலிப்ரொப்பிலினுக்குப் பெரும்பாலும் 100 முதல் 300 கிராம் போதும். இந்தக் கிராம் கணக்கு இல்லாவிட்டால், 200 டிகிரிக்கு மேல் உருக்கி அச்சில் ஊற்றும்போதே பிளாஸ்டிக் கெட ஆரம்பித்துவிடும்.

எந்த ஆன்டி ஆக்ஸிடன்ட்டைச் சேர்ப்பது என்பதில்தான் அனுபவம் பேசும். டயர் தொழிலில் அமீன் வகைகளைச் சேர்ப்பார்கள். அவை வலுவானவை. ஆனால், நாளாக ஆக பழுப்புக் கறை விடும். கறுப்பு டயரில் அது தெரியாது. வெள்ளை, க்ரீம், வெளிர் நிற சோலில் பளிச்சென்று தெரியும். அதனால் வெளிர் நிறக் காலணிக்குக் கறை குறைவான ஃபீனால் வகைகளையே தேர்ந்தெடுப்பார்கள்.

அந்த ஃபீனால்களிலும் சிறியது, பெரியது உண்டு. பி.ஹெச்.டி. சிறிய மூலக்கூறு. விலை குறைவு. ஆனால், சூடு பட்டால் ஆவியாகி வெளியேறிவிடும். வெளியேறிய காவலாளியால் வீட்டுக்கு என்ன பயன்? அதனால் நான்கு ஃபீனால்களை ஒரே மையத்தில் கோத்த பெரிய மூலக்கூறு ஒன்றை உருவாக்கினார்கள். பிளாஸ்டிக் சந்தையில் '1010' என்ற எண்ணைச் சொன்னாலே புரிந்துகொள்வார்கள். எடையில் இது பி.ஹெச்.டி.யைவிட 5 மடங்குக்கும் மேல் பெரியது என்பதால் லேசில் வெளியேறாது. இதோடு '168' என்ற பாஸ்பைட் வகையையும் ஜோடி சேர்ப்பது வழக்கம். ஃபீனால் ராடிக்கலை அடக்கும். பாஸ்பைட், பெராக்ஸைடு உடைந்து புது ராடிக்கல்களைக் கிளப்புவதற்கு முன்பே அதைச் சாதுவாக்கிவிடும்.

சேர்த்தது போதுமா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? பல வருஷம் காத்திருக்க முடியாது என்பதால், ரப்பர் துண்டைச் சூடான அடுப்புக்குள் நாள்கணக்கில் வைத்து எடுப்பார்கள். பிறகு இழுத்துப் பார்த்து, முன்பு எவ்வளவு நீண்டது, இப்போது எவ்வளவு நீள்கிறது என்று ஒப்பிடுவார்கள். ஐ.எஸ்.ஓ. 188 என்ற தரமுறை இதற்கானது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் கெட்டுப்போகும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது தோராயமான கணக்கு. வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது எல்லோருக்கும் தெரிந்ததே. வெயிலில் நிற்கும் கன்டெய்னருக்குள் 50 டிகிரியையும் தாண்டும். ஆம்பூரிலிருந்து கிளம்பும் ஷூவுக்கு முதல் பரீட்சை வழியிலேயே நடந்துவிடுகிறது.

காவலாளியே கறை வைத்தால்?

இனி அந்த மஞ்சளுக்கு வருவோம். ஷூவைச் சுற்றும் பாலித்தீன் கவரும் ஒரு பிளாஸ்டிக்தான். அதைத் தயாரிக்கும்போது கெடாமல் இருக்க, சிலர் விலை குறைந்த பி.ஹெச்.டி.யைச் சேர்த்திருப்பார்கள். சிறிய மூலக்கூறு அல்லவா? கவரிலிருந்து மெல்ல ஆவியாகி, உள்ளே இருக்கும் வெள்ளைத் துணியிலும் ஃபோமிலும் தோலிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். இதுவரைக்கும் எந்த நிறமும் இல்லை.

கிடங்கில் டீசல் லாரி ரிவர்ஸ் எடுக்கிறது, ஜெனரேட்டர் ஓடுகிறது. அந்தப் புகையில் நைட்ரஜன் ஆக்ஸைடுகள் இருக்கும. அவை பி.ஹெச்.டி.யோடு சேரும்போது பளிச்சென்ற மஞ்சள் நிறப் பொருள் ஒன்று பிறக்கும். ஷூவில் காரத்தன்மை கொஞ்சம் மிச்சமிருந்தால் நிறம் இன்னும் தூக்கலாகும். இதற்கு 'ஃபீனாலிக் யெல்லோயிங்' என்று பெயர். வெயிலே படாத, மூடிய, இருட்டான பெட்டிக்குள் இது நடப்பதுதான் எல்லோரையும் குழப்புகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஐ.எஸ்.ஓ. 105-எக்ஸ்18 என்றொரு சோதனை உண்டு. பி.ஹெச்.டி. ஊறிய காகிதத்துக்குள் வெள்ளைத் துணித் துண்டை வைத்து, கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே அடுக்கி, இறுக்கமாகச் சுற்றி, 50 டிகிரி சூட்டில் 16 மணி நேரம் வைப்பார்கள். எடுத்துப் பார்த்தால் எந்தத் துணி மஞ்சளாகும், எது தாக்குப்பிடிக்கும் என்று ஒரே ராத்திரியில் தெரிந்துவிடும். இதற்குத் தீர்வு கேட்பதற்கு மிக எளிது. பி.ஹெச்.டி. சேர்க்காத கவரை வாங்க வேண்டும், சரக்கு அடுக்கும் இடத்தில் புகை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், காரத்தன்மை தங்காமல் முடிக்க வேண்டும். பார்த்துப் பார்த்துத் தைத்த ஷூவின் பெயரை, கடைசியில் சுற்றும் ஒரு கவர் கெடுத்துவிட முடியும் என்பதை உணர்ந்தவர்கள் கவர் வாங்கும்போதும் கேள்வி கேட்பார்கள்.

தோலுக்குள் பிறக்கும் ஆறாம் நம்பர்

மஞ்சள் நிறம் கண்ணுக்காவது தெரியும். ஆக்ஸிஜன் தோலுக்குள் செய்யும் இன்னொரு வேலை கண்ணுக்கே தெரியாது.

வாரக்கணக்கில் பட்டைத் தண்ணீரில் ஊறவைத்ததற்குப் பதிலாக, குரோமியம் உப்பைக் கொண்டு சீக்கிரமே பதப்படுத்தும் முறை பின்னாளில் பரவியது. இதன் கழிவு பாலாற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் செய்த கேடு தனிக்கதை. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, 'மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்' என்ற கொள்கைக்காக இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கும் தீர்ப்பு.

பதப்படுத்தப் பயன்படுவது 'குரோமியம் 3' எனும் வகை. ஒப்பீட்டளவில் சாதுவானது. அதுவே ஆக்ஸிஜனேற்றம் அடைந்து 'குரோமியம் 6' ஆகிவிட்டால், தோலில் அரிப்பையும் கடுமையான ஒவ்வாமையையும் உண்டாக்கும். ஐரோப்பிய யூனியன் 2015 மே 1 முதல், சருமத்தில் படும் தோல் பொருள்களில் 1 கிலோ தோலுக்கு 3 மில்லிகிராம் அளவை எட்டினாலே விற்கக் கூடாது என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது.

இதில் தலைவலி என்னவென்றால், டேனரியில் சோதிக்கும்போது குரோமியம் 6 இல்லாமல் பாஸான அதே தோல், கடல் தாண்டிப் போய்ச் சோதிக்கும்போது ஃபெயிலாகலாம். காரணம், முறுக்கு டப்பாவில் நடந்த அதே சங்கதி. தோல் மிருதுவாக இருக்க எண்ணெய் ஊட்டுவார்கள். மீன் எண்ணெய் போன்றவை ஆக்ஸிஜனுக்கு எளிதில் இரையாகும். அந்த எண்ணெய் காறும்போது பிறக்கும் ராடிக்கல்களும் பெராக்ஸைடுகளும், பக்கத்தில் சும்மா இருக்கும் குரோமியம் 3-ஐ 6-ஆக மாற்றிவிடும். சூடும் வறண்ட காற்றும் வெளிச்சமும் இதற்குத் துணை போகும். அதனால்தான் தோல் துண்டை 80 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து வாட்டி எடுத்துவிட்டுப் பிறகு சோதிக்கும் முறை வந்தது. பின்னால் வரப்போகும் ஆபத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் வழி அது.

தடுப்பது எப்படி? எளிதில் காறாத எண்ணெய்களைத் தேர்ந்தெடுப்பது, எண்ணெயோடு ஆன்டி ஆக்ஸிடன்ட் சேர்ப்பது, தோலில் கொஞ்சம் அமிலத்தன்மை இருக்கும்படி முடிப்பது ஆகியவை சில வழிகள். இன்னொரு வழி, குரோமியத்தில் பதப்படுத்திய தோலுக்கு மறுபடியும் கொஞ்சம் தாவர டானின் கொடுப்பது. மரப்பட்டையிலிருந்தும் காயிலிருந்தும் வரும் அந்த டானின், ராடிக்கல்களை அடக்கி குரோமியத்தைச் சாதுவாகவே இருக்க வைக்கும். பழைய ஆட்கள் தோலை அழுகாமல் காக்கப் பயன்படுத்திய அதே துவர்ப்பு, இன்று ஐரோப்பியச் சோதனையில் பாஸாவதற்கும் கைகொடுக்கிறது.

ஒரே குடும்பம், வேறு வேறு குணம்

ஃபீனால் என்றாலே நல்லது என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க முன்பு பென்டாகுளோரோஃபீனால் என்றொரு ரசாயனத்தைப் பயன்படுத்தினார்கள். வளையம் முழுக்கக் குளோரின் ஏறிய நச்சு ஃபீனால் அது. 1989-ல் ஜெர்மனி அதற்குத் தடை போட்டு, 1 கிலோவுக்கு 5 மில்லிகிராம்தான் உச்ச அளவு என்றபோது, தமிழ்நாட்டு டேனரிகள் ஆடிப்போயின. மாற்று ரசாயனம் தேடி, செய்முறையை மாற்றி, தோலை ஆய்வகத்தில் சோதித்து அனுப்பும் பழக்கம் வேரூன்றியதில் அந்தத் தடைக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னை அடையாறில் 1948-ல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கதவைத் தட்டும் தேவையும் கூடியது.

மறுபக்கம், ஃபீனால் அல்லாத ஓர் ஆன்டி ஆக்ஸிடன்ட்டின் கதை. டயரில் சேர்க்கும் '6பிபிடி' எனும் அமீன் வகை, ஓசோனோடு சேர்ந்து வேறொரு பொருளாக மாறி, மழை நீரோடு ஓடைக்குப் போய், அமெரிக்காவின் மேற்குக் கரையில் 'கோஹோ' சால்மன் மீன்களைக் கொன்றுகொண்டிருந்தது 2020-ல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. பொருளைக் காப்பாற்றிய பிறகு அந்தக் காவலாளி எங்கே போகிறது, என்னவாக மாறுகிறது என்ற கேள்வியும் இப்போது சேர்ந்துகொண்டது. முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயில் இயற்கையாக இருக்கும் ஃபீனால்களை ரப்பருக்குப் பயன்படுத்தும் ஆராய்ச்சிகள் நடப்பதற்கு இதுபோன்ற கவலைகளும் ஒரு காரணம். அந்த ஓட்டுக்குப் பண்ருட்டிப் பக்கம் பஞ்சமே இல்லை.

வீட்டில் என்ன செய்யலாம்?

* பெட்டிக்குள் இருந்தபடியே வெள்ளை ஷூ மஞ்சளானால், உடனே தூக்கிப் போட வேண்டாம். ஃபீனாலிக் மஞ்சளாக இருந்தால், சில மணி நேரம் வெயில் பட்டாலே பெரும்பாலும் மங்கிவிடும். அதற்காக நாள்கணக்கில் வெயிலில் காய வைத்தால், சோலும் பசையும் கெடும்.

* வெயிலில் போட்டும் போகாத மஞ்சள், நாள்பட்ட உழைப்பால் அந்தப் பொருளே மாறியதால் வந்ததாக இருக்கலாம். அதை வெளுக்க ப்ளீச் ஊற்றினால் நிலைமை மோசமாகும்.

* வாங்கிய ஷூவை அதே பாலித்தீன் கவரில் கட்டி வைக்காமல், பருத்தித் துணிப் பையிலோ, வெறும் வெள்ளைக் காகிதம் சுற்றியோ வைக்கலாம். கேஸ் அடுப்புக்குப் பக்கத்திலும் பைக், கார் நிறுத்தும் இடத்திலும் வைக்க வேண்டாம்.

* பல நாள் போடாமல் வைத்திருந்த ஷூவின் சோல், நடக்கும்போதே மாவு மாதிரி உதிர்கிறதா? அதற்கு ஆக்ஸிஜனைவிடப் பெரிய குற்றவாளி ஈரம். சில வகை பாலியூரித்தேன் சோல்களைக் காற்றில் இருக்கும் ஈரப்பதம் மெல்ல மெல்லச் சிதைக்கும். ஃபீனாலால் இதைத் தடுக்க முடியாது. ஈரமில்லாத, காற்றோட்டமான இடத்தில் வைப்பதும், அவ்வப்போது போட்டு நடப்பதும் நல்லது.

* கறுப்பு ரப்பர் சோலின் மேல் சாம்பல் பூத்ததுபோல ஒரு படலம் தெரிந்தால், அது பூஞ்சையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஓசோனிலிருந்து ரப்பரைக் காக்கச் சேர்த்த மெழுகு மேலே வந்து படிந்ததாகவும் இருக்கலாம். துணியால் துடைத்தால் போய்விடும்.

கண்ணுக்குத் தெரியாத கிராம்கள்

ஷூ வாங்கும்போது தோலைத் தடவிப் பார்க்கலாம், தையலை எண்ணிப் பார்க்கலாம், சோலை வளைத்துப் பார்க்கலாம். உள்ளே எத்தனை கிராம் ஆன்டி ஆக்ஸிடன்ட் இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. அதைப் பாதியாகக் குறைத்தாலும் புது ஷூவில் எந்த வித்தியாசமும் தெரியாது. ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கழித்து, ஸ்கூலுக்குப் போகும் பிள்ளையின் ஷூ சோல் பாதியாகப் பிளக்கும்போதுதான் தெரியும். அப்போது குறைத்தவரிடம் யாரும் போய்க் கேட்க முடியாது.

அதனால்தான் இந்தத் தொழிலில் வெப்ப அடுப்புச் சோதனைக்கும் ஆய்வகச் சான்றிதழுக்கும் இவ்வளவு மரியாதை. வெளிநாட்டு வாங்குபவர் இந்தக் கேள்விகளையெல்லாம் கேட்டுக் கேட்டு வாங்குகிறார். ஆம்பூர் கம்பெனிகளும் அதற்குப் பதில் சொல்லப் பழகிவிட்டன. உள்ளூர் கடையில் பிள்ளைக்கு ஷூ வாங்கும் பெற்றோர், அதே கேள்விகளை ரசாயனப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. 'இந்த சோல் எதில் செய்தது, எத்தனை நாள் தாங்கும், எப்போது தயாரித்தது?' என்று கேட்டாலே போதும். கேள்வி கேட்கும் கைகள் கூடினால், கலவைத் தராசில் அந்தச் சில கிராம்களைக் குறைக்க நினைப்பவரும் கொஞ்சம் யோசிப்பார்.